வைகாசி விசாகமும் வெசாக்கும்

வைகாசி விசாகத்துக்கு இரண்டு நாள் முன்பே திருநெல்வேலி - திருச்செந்தூர் சாலையின் முகம் மாறிவிடும். சுமார் 60 கிலோமீட்டர் தூரம். பகல் வெயிலில் தார் கொதிக்கும் என்பதால் பாதயாத்திரைக்காரர்கள் பெரும்பாலும் இரவில்தான் நடப்பார்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் காவடி, வாயில் அரோகரா. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று வழியெங்கும் பந்தல் போட்டு மோரும் பானக்காரமும் புளியோதரையும் கொடுப்பார்கள். நடந்து வருகிறவர் யார், எந்த ஊர் என்று பந்தலில் ஒருவரும் கேட்பதில்லை. வா, குடி, போ. அவ்வளவுதான்!

திருச்செந்தூர் கோயிலில் அதற்குப் பத்து நாள் முன்பே வசந்தத் திருவிழா தொடங்கிவிடும். விசாகத்தன்று ஒரு சின்னச் சடங்கு நடக்கும். பராசர முனிவரின் ஆறு பிள்ளைகள் சாபத்தால் மீன்களாகிப் போனார்கள், முருகன் அருளால் விமோசனம் பெற்றார்கள் என்பது கதை. அதை நினைவுகூர, வசந்த மண்டபத்தில் தண்ணீர் நிரப்பி மீன் பொம்மைகளை விட்டுச் சாப விமோசனம் நடத்துவார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் நீராடி, தரிசனம் முடித்துப் பன்னீர் இலை விபூதியோடு பஸ் ஏறிவிடுவதால் இதைப் பார்ப்பவர்கள் குறைவு.

கடலுக்கு அந்தப் பக்கம்

மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இலங்கையிலும் இதே பருவத்தில் தெருவெல்லாம் விளக்கு எரியும். அங்கே அது வெசாக். வீட்டு வாசலில் மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு செய்த வெசாக் கூடுகள் தொங்கும். தெருமுனையில் 'தன்சல்' என்ற பந்தலில் வருவோர் போவோருக்கெல்லாம் இலவசமாகச் சோறும் குளிர்பானமும் கிடைக்கும். புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், மறைந்ததும் ஒரே பௌர்ணமியில் என்பது அவர்கள் நம்பிக்கை.

இன்னும் கிழக்கே போனால் தாய்லாந்தில் அதற்கு விசாக பூச்சா என்று பெயர். பூச்சா என்பது பூஜைதான். மாலையில் கையில் தாமரையும் ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் ஏந்திக் கோயிலை மூன்று முறை வலம் வருவார்கள். மீன்களை ஆற்றில் விடுவதும் அங்கே புண்ணியம். பர்மாவில் இது கசோன் மாதப் பௌர்ணமி. ஆண்டின் வறட்சியான நாட்கள் என்பதால் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து போதிமரத்தின் வேரில் ஊற்றுவார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவிலும் 1983 முதல் வைசாக் தேசிய விடுமுறை. ஜாவாவில் மெந்துத் கோயிலிலிருந்து பொரோபுதூர் வரை பிக்குகளும் மக்களும் ஊர்வலமாக நடப்பார்கள். அதுவும் ஒரு பாதயாத்திரைதானே?

வெசாக், விசாக, வைசாக் எல்லாமே விசாகம் என்ற நட்சத்திரத்தின் பெயரிலிருந்து வந்தவை. தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுகிறது, அவர்களுடையது சந்திரனை. அதனால் சில ஆண்டுகளில் நாள் விலகிப் போகும். 2023-இல் இலங்கை மே 5-ஆம் தேதியே வெசாக்கை முடித்துவிட, திருச்செந்தூரில் ஜூன் 2-ஆம் தேதியும் பாங்காக்கில் ஜூன் 3-ஆம் தேதியும் விழா. 2024-இல் திருச்செந்தூருக்கும் பாங்காக்குக்கும் மே 22, கொழும்புக்கும் பொரோபுதூருக்கும் மறுநாள். ஐக்கிய நாடுகள் சபை 1999 டிசம்பர் 15 அன்று இந்த நாளை உலக அளவில் அங்கீகரித்துத் தீர்மானம் போட்டது. ஆனால் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் அது இன்னும் வருத்தம். ஒவ்வொரு வைகாசியிலும் இணையத்தில் ஒரே சண்டைதான். "வெசாக் என்பது முருகன் விழாவைத் திருடியது" என்று ஒரு கூட்டம். "முருகன் கோயிலெல்லாம் ஒரு காலத்தில் விகாரைதான்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் ஆதாரம் கேட்டால் இன்னும் சத்தமாகப் பேசுவார்கள்.

இந்தச் சண்டையில் ஈடுபடுகிறவர்கள் கையிலெடுக்க மறந்த புத்தகம் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலை! தேர்வுக்கு 'ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார்' என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்ததோடு பலரும் மூடிவைத்த புத்தகம்.

அதில் ஆபுத்திரன் என்றொருவன் வருகிறான். மதுரையில் பிச்சை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்து வந்த அவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபி என்ற பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். சாவக நாட்டில் மழையில்லாமல் மக்கள் பசியால் சாகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவன் கப்பல் ஏறுகிறான். சாவகம் என்றால் இன்றைய ஜாவா அல்லது அதை ஒட்டிய தீவுகள். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. கொடுக்க ஆளில்லாத இடத்தில் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான். அடுத்த பிறவியில் அதே சாவக நாட்டின் அரசனாகிறான்.

பொய்கையில் விட்ட பாத்திரம் ஆண்டுக்கு ஒருமுறை மேலே வரும். எந்த நாளில்? இளவேனில் காலம், சூரியன் இடப ராசியில் இருக்கும்போது, விசாக நட்சத்திரம் கூடும் நாளில். அதாவது வைகாசி விசாகம். புத்தர் பிறந்த நாள் என்று காப்பியமே சொல்கிறது. மணிமேகலையின் கைக்குப் பாத்திரம் வருவதும் அந்த நாளில்தான்.

ஆக, வைகாசி விசாகம் புத்தர் பிறந்த நாள் என்ற செய்தி தமிழனுக்குக் கொழும்பிலிருந்து வரவேண்டியதில்லை. தமிழ்க் காப்பியத்திலேயே இருக்கிறது. அதே நாள் முருகன் பிறந்த நாளாகவும் தமிழனிடம் இருக்கிறது. ஒரு நட்சத்திரத்தை இரண்டு பேர் வணங்கினால் அதில் ஒருவர் திருடராகத்தான் இருக்க வேண்டுமா? கோடை உச்சத்தில் பௌர்ணமி எல்லா ஊரிலும்தான் வருகிறது. தாகமும் பசியும் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது.

வலிக்கும் கேள்வி

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு உண்டு. அதைத் தாண்டிக் குதித்துவிட முடியாது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழும் தமிழனுக்கு வெசாக் என்பது வெறும் விளக்குத் திருவிழா அல்ல. 2009-இல் போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் வெசாக் அலங்காரங்களை முன்னின்று நடத்தியது ராணுவம். தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை எழுந்துவிட்டது என்று சொல்லி உரிமையாளர்கள் 2023 முதல் பலமுறை போராடியிருக்கிறார்கள். காணியை இழந்தவனிடம் போய் "இது உன் பண்டிகையும்தான், வா" என்று சொன்னால் அவன் எப்படி எடுத்துக்கொள்வான்?

அவன் கோபம் நியாயம். ஆனால் அந்தக் கோபம் புத்தரிடம் போய்ச் சேரக்கூடாது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது. பௌத்தம் என்றாலே சிங்களம் என்பது சிங்களப் பேரினவாதம் சொல்வது. அதையே தமிழனும் ஒப்புக்கொண்டால் மணிமேகலையை யாருக்குக் கொடுப்பது? ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரையை யார் கணக்கில் எழுதுவது? (அதன் கடைசி மிச்சமும் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது.) 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசரையும், இன்றைய தமிழ் பௌத்தர்களையும் எந்த நாட்டுக்கு அனுப்புவது? மணிபல்லவம் என்பது நயினாதீவுதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தச் சின்னத் தீவில் இன்று நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் இரண்டுமே இருக்கின்றன.

துப்பாக்கியின் துணையோடு வருகிற விளக்கை எதிர்க்கத் தமிழனிடம் இருக்கும் நல்ல ஆயுதம் மணிமேகலைதான். பிறர் காணியைப் பிடுங்கிக் கட்டிய இடத்தில் எந்தப் புத்தர் இருப்பார் என்று கேட்கும் உரிமை, பௌத்தக் காப்பியம் எழுதிய மொழிக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

பந்தல் போதும்

மணிமேகலை அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தாள்? முதல் பிச்சையை ஆதிரையிடம் பெற்றாள். தீராப் பசி நோயால் தவித்த காயசண்டிகையின் பசியைத் தீர்த்தாள். சிறைச்சாலைக்குள் போய்ச் சோறு போட்டாள். பிறகு அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றினாள். விசாகத்தில் கிடைத்த பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்று அவள் வழக்குப் போடவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் நள்ளிரவில் மோர் ஊற்றுகிறவரும் கொழும்பில் தன்சல் பந்தலில் சோறு போடுகிறவரும் பர்மாவில் மரத்துக்குத் தண்ணீர் சுமக்கிற கிழவியும் செய்வது அதே வேலைதான். அவர்களில் யாரும் மணிமேகலையைப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்தவர்கள்தான் அதைப் படிக்காதவர்கள் போல் இணையத்தில் அடித்துக்கொள்கிறார்கள்.

திருநெல்வேலி மாணவர்கள் அடுத்த விசாகத்துக்குப் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். ஒரு பந்தலில் நின்று இரண்டு மணி நேரம் மோர் ஊற்றினால் போதும். அந்தப் பந்தலின் ஓரத்தில், இதே நாளில்தான் அமுதசுரபி நீருக்கு மேலே வந்தது என்று ஒரு அட்டையில் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. நடந்து வருகிறவர் ஒரு டம்ளர் மோரைக் குடித்துக்கொண்டே அதைப் படித்துவிட்டு அரோகரா சொல்லிக்கொண்டு போவார். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டான்!