ஓகஸ்டில் மண் சரியுமா?

ஓகஸ்ட் மாதம், பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று. மூன்று நாள் அடைமழையில் மலை சரிந்து லயம் புதைகிறது. இப்படி ஒரு கதை வந்தால் வெளியூர் வாசகர் கண்கலங்கிப் படித்துவிடுவார். தோட்டத்து வாசகர் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவார். ஊவாவில் அது வறண்ட காற்றுக் காலம். தேயிலைக்கு மணம் ஏறும் பருவம். பெருமழைக்கு ஐப்பசி பிறக்க வேண்டும். கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண் சரிந்ததும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிதான்.

அந்த ஓகஸ்ட் மழைதான் கதையின் ஓட்டை. எழுதியவர் கவனிக்காமல் விட்டது. வேண்டுமென்றே சொல்லாமல் விடுவது வேறு. 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அப்படிப் புறப்பட்ட அண்ணனிடமிருந்து கடைசிவரை கடிதமே வரவில்லை என்று கதை முடியட்டும். ஏன் வரவில்லை என்று யாரும் ஆசிரியரைக் கேட்கமாட்டார்கள். பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. அதே அண்ணன் கடைசிப் பக்கத்தில் திடீரென்று வாசலில் வந்து நின்றால், எப்படி வந்தான் என்று கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இன்னோர் ஓட்டை: லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் புருஷனும் பெண்சாதியும் இரகசியம் பேசுகிறார்கள். பக்கத்துக் காம்பராவில் இருமினால்கூட இங்கே கேட்கும். பேச்சு மட்டும் கேட்காமல் போனது எப்படி? பதுளை மாவட்டத்து ஊவாக்கட்டவளையில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், ‘மீன்கள்’ சிறுகதைக்கு அந்த நெருக்கடியையே கருவாக்கினார். அந்த இடத்தின் குறுகலை அவர் மறைக்கவில்லை. கதையே அதிலிருந்துதான் பிறக்கிறது.

நம்மில் பலர் ஓட்டையைக் கண்டதும் கடைசியில் ஒரு பத்தி விளக்கம் எழுதி அடைக்கிறோம். அது ஒட்டுப்போட்ட இடமாகவே தெரியும். பின்னோக்கிப் போங்கள். அந்தப் புருஷனும் பெண்சாதியும் பேசத் தொடங்கும் முன்பே தகரக் கூரையில் மழை அடித்துக் கொட்டட்டும். அந்த ஒரு வரி போதும், இரகசியம் காப்பாற்றப்படும். அதுவும் ஐப்பசி மழையாக இருக்கட்டும்.

எதிர்பார்ப்பும் இதே வழியில்தான் உருவாகிறது. முதல் பக்கத்தில் அப்பா பாஸ்போட்டை அரிசி டின்னுக்குள் ஒளித்தால், அந்த டின் எப்போது திறக்கும் என்று வாசகர் காத்திருப்பார். திறக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்பதில் அவரை ஏமாற்றலாம். திறக்காமலே விட்டால் மன்னிக்கமாட்டார்.

கதையை அனுப்புமுன், தினமும் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்வருகிற தொழிலாளி ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். “அது எப்புடி?” என்று அவர் கேட்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.