துப்பறியும் கதைக்குச் சந்தாவா?

"துப்பறியும் கதைக்கு ஆண்டுச் சந்தாவா? அந்தப் பணத்தில் திருக்குறள் உரை ஒன்று வாங்கலாமே!" என்கின்றனர் நம் பெரியவர்கள். அவர்கள் வீட்டு அலமாரியிலும் குறள் உரை உண்டு. ஏதோ விழாவில் பரிசாக வந்தது. சுற்றிய தாள் இன்னும் பிரிக்கப்படவில்லை. அதே வீட்டுப் பிள்ளை தமிழில் மழையெனப் பேசுகிறது. நான்கு வரித் தமிழ்க் கடிதத்தைக் கையில் கொடுத்தாலோ எழுத்துக் கூட்டித் திணறுகிறது. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும், தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் நம்முன் நிற்கும் வழக்கு இதுவேயன்றி, எது பேரிலக்கியம் என்பதன்று.

1956-இல் கேரளம் உருவானபோது இப்பகுதிகள் அதன்பால் அமைந்தன. தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. எனினும் பிழைப்பை எண்ணி மலையாள வழியிலோ ஆங்கில வழியிலோ பிள்ளைகளைச் சேர்ப்போரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பள்ளியில் பழகாத எழுத்தைப் பிள்ளை வேறெங்கே பழகும்? கொலையாளி யாரென்று அறியும் துடிப்பு ஒன்றே அடுத்த பக்கத்தைப் புரட்ட வைக்கும். அறிவுரை புரட்ட வைக்காது.

நம் அண்டை வீட்டாரைப் பாருங்கள். முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி' 1955-இல் வந்தபின், அத்தகைய கதைகளுக்குப் 'பைங்கிளி' என்றே ஏளனப் பெயர் நிலைத்தது. ஏளனம் செய்தவர்களும் ஒளித்து வைத்துப் படித்தார்கள் என்பது வேறு செய்தி! கோட்டயம் புஷ்பநாத்தின் மர்மக் கதைகளோ தமிழுக்கும் வந்து சேர்ந்தன. நமக்கு மட்டும் இந்தத் தீட்டு ஏன்? ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்தது எதை?

"நல்ல நூல்களை மட்டும் அனுப்பும் அமைப்பு வேண்டும்" என்பாரும் உளர். 1960-களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் அதைச் செய்தே காட்டினார். அவரது வாசகர் வட்டம் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' போன்ற நூல்களை உறுப்பினர்க்கு அளித்தது, நெடுங்காலம் நீடிக்கவில்லை. அத்தகைய முயற்சியைத் தாங்கும் வாசகர் கூட்டம் வானத்திலிருந்தா குதிக்கும்? பத்து வயதில் மாயாவிக் கதையில் மூழ்கியவர்களிலிருந்தே அது திரள வேண்டும்.

சந்தா அனைத்தும் நன்று என்று நான் வாதிடவில்லை. அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய 'புக் ஆஃப் த மந்த் கிளப்' ஒரு தந்திரத்தைப் பரப்பியது: "வேண்டாம்" என்று உறுப்பினர் அட்டை எழுதிப் போடாவிட்டால் நூல் வந்துவிடும், பணமும் கட்டவேண்டும். 1942-இன் துப்பறியும் நூற்கழகமும் 1953-இன் அறிவியற்புனைவு நூற்கழகமும் அஞ்சலில் நூல் விற்றவையே. இம்முறைக்கு விதி வகுக்க 1973-இல் அந்நாட்டு வணிக ஆணையமே முன்வர நேர்ந்தது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் எவரிடமும் சேராதீர்கள். கைப்பேசி வழியே மாதந்தோறும் பணம் பிடித்துக்கொள்வோருக்கும் இது பொருந்தும்.

சிவகாசியின் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களின் முறை வேறு. 1972-இல் முத்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது. ஆண்டின் கதைப் பட்டியலை முன்கூட்டியே அறிவித்து, சந்தா பெற்று, இன்றும் வீட்டுக்கு அனுப்புகின்றனர். எதற்குப் பணம் கட்டுகிறோம் என்பது தெரிந்தே கட்டுகிறோம்.

விலை மிகுதியென்றால் ஒரு லயத்துக்கு ஒரு சந்தா போதும். ஐந்து வீடுகள் பகிரலாம். முகவரியில் மட்டும் உங்கள் பெயரை எழுதாதீர்கள். பிள்ளையின் பெயரை எழுதுங்கள், தமிழிலேயே.