கூரையைப் பேர்க்கும் குடித்தனக்காரர்கள்!

ஞாயித்துக்கிழமை மதியம் கதிர்காமத்துல எந்தத் தெருவுல நடந்தாலும் ஏதோ ஒரு வீட்டு பிரியாணி வாசம் மூக்கைத் துளைக்கும். அதுல கறுப்பா, காய்ஞ்ச இலை மாதிரி பல்லுல மாட்டுமே... ஓரமா எடுத்து வைக்கிறீங்களே, அது கல்பாசி. இலையும் இல்ல, வெறும் பாசியும் இல்ல பாஸ். லைக்கன்! பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துற கூட்டுக் குடித்தனம். பாசி வெயிலை வெச்சு சமைக்கும். பூஞ்சை வீடு கட்டி, தண்ணி பிடிச்சு வைக்கும்.

இதோட சொந்தக்காரங்க அண்டார்டிகாவுலயும் இருக்காங்க. நம்ம நாட்டு மைத்ரி ஆய்வு நிலையம் 1989-லிருந்து இயங்குற ஷிர்மாகர் பகுதியில, பனி மூடாத பாறைகள் மேல ஐம்பதுக்கும் அதிகமான லைக்கன் வகைகளைப் பார்த்திருக்காங்க. மரம் இல்ல, புல்கூட இல்லாத இடம் அது!

சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கிறதா நினைச்சுடாதீங்க. பூஞ்சையோட மெல்லிய இழை பாறைத் துகள்களுக்கு நடுவுல நுழையும். பனி உருகி நனைஞ்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கும். சுருங்குறப்போ ஒட்டின துகளையும் பிடிச்சு இழுக்கும். கூடவே ஆக்சாலிக் அமிலம் கசிஞ்சு கல்லை அரிக்கும். அந்த விரிசல்ல தண்ணி புகுந்து உறைஞ்சா? தண்ணி நிரப்பி ஃப்ரீசர்ல வெச்ச கண்ணாடி பாட்டில் கதிதான்!

இன்னொரு கில்லாடி கோஷ்டி, மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குல இருக்கு. அதே அண்டார்டிகாதான், ஆனா குளிரும் வறட்சியும் இன்னும் மோசம். அதனால மணற்கல்லுக்கு உள்ளேயே, சில மில்லிமீட்டர் ஆழத்துல குடியிருக்காங்க. இதை இம்ரே ஃப்ரீட்மன் 1982-ல் விளக்கினார். மணலை ஒட்டி வெச்சிருக்கிற பொருளை இவங்க கரைக்கக் கரைக்க, ஒருநாள் மேல் ஓடு உரிஞ்சு விழும். சொந்தக் கூரையைப் பேர்த்துட்டு இன்னும் உள்ளே குடிபோறாங்க. (ஹாஸ்டல் பசங்க தோத்தாங்க!)

வேகம்? அங்கே ப்யூலியா ஃப்ரிஜிடா என்கிற லைக்கன் 100 வருஷத்துல 1 மில்லிமீட்டர்கூட வளராது. ஒரு ரூபாய் அளவு திட்டுன்னா, ராஜராஜ சோழன் காலத்துலயே கிளம்பியிருக்கணும். ஒரு பூட்ஸ் தேய்ச்சா அத்தனையும் போச்சு. 1991 மாட்ரிட் உடன்படிக்கை லைக்கனுக்கும் பாதுகாப்பு தந்திருக்கு. அனுமதி இல்லாம சுரண்டி எடுக்கக் கூடாது. சரி, தெரியாம மிதிக்கிறவங்களை என்ன பண்றது?

அடுத்த டூர்ல செஞ்சிக் கோட்டை ஏறினா, பாறையில சாம்பல் திட்டுகளைத் தேடிப் பாருங்க. அம்பு விட்ட இதயம், இனிஷியல் எல்லாம் யாரோ அதுக்கு மேலேயே கிறுக்கி வெச்சிருப்பாங்க!