வீரர்கள் தரப்பில் உயிரிழப்பு இல்லை!

சிரிக்கவைக்கணும்னு எழுதாமலேயே நம்மைச் சிரிக்கவைக்கும் விக்கிப்பீடியா கட்டுரை எதுன்னு கேட்டா, என் ஓட்டு 'ஈமு போர்' கட்டுரைக்குத்தான்.

1932 நவம்பர். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் சுமார் 20,000 ஈமு கோழிகள் புகுந்துவிட, விரட்ட வந்தது ராணுவம். மேஜர் மெரிடித் தலைமையில் 2 லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகள், 10,000 தோட்டாக்கள். கட்டுரையோ ஏதோ உலகப்போர் மாதிரி 'முதல் முயற்சி', 'இரண்டாம் முயற்சி' என்று பிரித்து விளக்குகிறது.

துப்பாக்கி பாதியில் சிக்கிக்கொண்டது. லாரியில் ஏற்றித் துரத்தினால், லாரியைவிட ஈமு வேகம்! ஒரே வாரத்தில் படை பின்வாங்கியது. 'வீரர்கள் தரப்பில் உயிரிழப்பு இல்லை' என மேஜர் அறிக்கை கொடுத்தாராம். அதையும் முகம் மாறாமல் பதிவு செய்கிறது கட்டுரை.

சிரிச்சு முடிச்சாச்சா? இப்போ அதன் பின்னணிப் பகுதிக்குப் போங்க. அந்த விவசாயிகளில் பலர் முதல் உலகப்போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள். கோதுமை விலை சரிந்துவிட்டது. அரசு தருவதாகச் சொன்ன மானியமும் வரவில்லை. கையில் மிச்சமிருந்த பயிரைத்தான் ஈமுக்கள் மிதித்தன.

1934-ல், கொல்லும் ஈமுவுக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது அரசு. ஆறே மாதங்களில் கணக்கில் வந்தவை 57,034. இயந்திரத் துப்பாக்கியால் முடியாததை உள்ளூர்க்காரர்களே செய்தார்கள்.

மேஜரின் அறிக்கையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல தாராளமா போடுங்க. கூடவே அந்த விவசாயிகள் கதையையும் சேர்த்துப் போடுங்க!