நாடகம் கற்கப் புறப்படுவோம்



சென்ற ஆண்டு நமது விழாவிலே நிகழ்ந்ததொன்றை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மாணவர் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது ஒலிப்பதிவு இடைநடுவில் நின்றுவிட்டது. அதுவரை வாயசைத்து நடித்த பன்னிரண்டு பிள்ளைகளும் திகைத்து நின்றனர். ஒரு சிறுமி மட்டும் தனக்குரிய வசனத்தைத் தன் குரலிலேயே சொன்னாள். மூன்றாம் வரிசைக்கு அப்பால் அது கேட்கவில்லை.

தவறு பிள்ளைகளுடையதன்று. வசனங்களை எழுதியவனும் அவற்றை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்தவனும் நானே. அரசனுடைய குரலும் அமைச்சனுடைய குரலும் என்னுடையவை. பிள்ளைகளுக்கு நாம் பளபளக்கும் உடையைக் கொடுத்தோம். பேசுவதற்கு மொழியைக் கொடுக்கவில்லை. மேடையிலேனும் தமிழ் பேசாத பிள்ளை வேறெங்கே தமிழ் பேசும்?

ஆகவே, அடுத்த நாடகத்தை எழுதுமுன் நாடக அரங்குகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை நாம் நேரிற் சென்று கண்டு கற்கவேண்டும் என்பது என் கருத்து.

இது புதிய வழியன்று. பேராதனையிலே பணியாற்றிய இருவர் இவ்வழியில் நடந்து காட்டினர். சிங்கள நாடக அறிஞர் எதிரிவீர சரச்சந்திர யப்பானுக்குச் சென்று அந்நாட்டு மரபு அரங்குகளைக் கண்டார். தம் நாட்டுக் கிராமத்து நாடகம் என்னும் கூத்து வகையை அதில் வல்ல ஆசானிடம் அறிந்தார். அவ்வறிவிலிருந்து 1956ஆம் ஆண்டு 'மனமே' பிறந்தது. அவருடைய சக ஆசிரியரான பேராசிரியர் சு. வித்தியானந்தன் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊர் ஊராகச் சென்று கூத்துகளைப் பார்த்தார். அண்ணாவிமாரைத் தேடி மதித்தார். தெல்லிப்பழையிற் பிறந்த அவர் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து 1962ஆம் ஆண்டில் 'கர்ணன் போர்' எனச் சுருங்கிய வடிவில் மாணவர்களால் ஆடப்பட்டது. அம்மாணவருள் ஒருவரே பிற்காலத்தில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு.

கூத்து எவ்வாறு இயங்குகிறது? அண்ணாவியார் ஒவ்வொருவருடைய குரலையும் உடல்வாகையும் அறிந்து பாத்திரம் வழங்குவார்; இதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். பின்னர் கிழமைதோறும் கூடிப் பழகுவது கிழமைக் கூத்து. ஆட்டம் கால்களில் ஊறிய பின்னரே சதங்கை அணிதல். அரங்கேற்றத்திற்குமுன் முழுமையாக ஆடிப் பார்ப்பது அடுக்குப் பார்த்தல். இவையெல்லாம் முடியப் பல மாதங்கள் செல்லும். நாமும் கிழமைக்கொரு நாள் கூடுபவர்களே. ஆனால் நாம் கடைசி மூன்று கிழமைகளில் நாடகத்தை முடித்துவிட முயல்கிறோம்.

நான் படுவான்கரையைச் சேர்ந்தவன். அங்கே வட்டக்களரியைச் சுற்றியமர்ந்து கூத்துப் பார்த்து வளர்ந்தேன். பின்னர் அங்கேயே ஆசிரியனானேன். 2007ஆம் ஆண்டு போர் எம்மை இடம்பெயர்த்தபோது கூத்துக் கொப்பிகளை எடுத்துச்செல்ல எவருக்கும் அவகாசம் இருக்கவில்லை. ஆயினும் முகாமிலே ஒரு மாலை, முதியவர் ஒருவர் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டபோது என் மாணவர் நால்வர் தத்தம் பாட்டைப் பிழையின்றிப் பாடினர். கொப்பி தொலைந்தது, வாயிலிருந்தது தொலையவில்லை. ஒலிப்பதிவிலே பிள்ளைகளை வளர்த்தால், நாளை இவர்கள் வேறொரு நாட்டுக்குப் பெயரும்போது எதைக் கொண்டுசெல்வார்கள்?

கற்பதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. நாம் வாழும் இவ்வமீரகத்திலேயே அரங்குகள் பல உள. ஷார்ஜா நாடக நாட்கள் என்னும் விழா 1984இல் தொடங்கியது. புஜைராவில் ஒருவரே நடிக்கும் தனிநடிப்பு நாடகங்களுக்கான பன்னாட்டு விழா 2003இல் தொடங்கியது. கல்பாவிலே குறுநாடக விழா 2012இலும், அல் கஹீப் மணல்வெளியிலே பாலைவன நாடக விழா 2015இலும் தொடங்கின. பேரீச்சையும் முத்துக்குளிப்பும் ஒட்டகப் பயணமும் கண்ட இம்மக்கள் தங்கள் பழங்கதைகளை மணலிலேயே மேடையேற்றுகின்றனர். நம் வட்டக்களரியை அறிந்தவர்க்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

ஒரு பேருந்து அமர்த்தி, மேல்வகுப்பு மாணவரை அழைத்துக்கொண்டு, விழாக் காலங்களில் இவ்விடங்களுக்குச் சென்று வருவோம். இவற்றுள் எதுவும் ஒரு நாளிற் போய்வர முடியாத தொலைவன்று. நாடகத்தை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அனுமதி கேட்டு எழுதி ஒத்திகையையும் பார்ப்போம். எத்தனை நாள் பழகினர்? குரலைப் பயிற்றுபவர் யார்? விளக்கையும் திரையையும் இயக்குபவர் யார்? செலவை யார் ஏற்கின்றனர்? மாணவர்கள் இவற்றைக் கேட்டுக் குறித்துவரட்டும்.

"அரபு நாடகம் நமக்கு விளங்குமா?" எனச் சிலர் கேட்பர். பாடசாலையில் அரபு கற்கும் நம் பிள்ளைகளுக்கு ஓரளவு விளங்கும். விளங்காத இடத்தில், நடிகன் எங்கே மூச்செடுக்கிறான், எவ்வாறு நிற்கிறான் என்பதைக் கண் பார்க்கும். "பரீட்சை இருக்கிறதே" என்பாரும் உளர். ஆண்டில் இரண்டு நாள் பயணத்தால் எந்தப் பரீட்சையும் கெட்டுவிடாது. விடுமுறைக்குத் தாயகம் செல்லும் குடும்பங்களிடம் மேலுமொரு வேண்டுகோள்: கடைத்தெருவுக்குச் செல்லும் நாட்களில் ஒன்றைக் குறைத்து, மட்டக்களப்பிலோ திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையிலோ ஒரு கூத்தைப் பிள்ளைக்குக் காட்டிவாருங்கள்.

அடுத்த ஆண்டு நம் மேடையில் ஒலிப்பதிவு வேண்டாம். பிள்ளைகள் தடுமாறுவார்கள், சில சொற்கள் பிழைக்கும், பின்வரிசையில் இருப்போர் செவியைக் கூர்மையாக்க வேண்டியிருக்கும். அதனால் என்ன? என் குரல் போதும் போதுமென ஒலித்துவிட்டது. அன்று தனித்துப் பேசிய அச்சிறுமியின் குரல் கடைசி வரிசைவரை கேட்கவேண்டும். அதைக் கேட்க நீங்களும் பேருந்தில் ஏறி வருவீர்கள் என்று நம்புகிறேன்.

வாழ்க தமிழ்!