டிகிரி முழுக்க இங்கிலீஷ்... பரீட்சையில் 30 மார்க் தான்! பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்களின் வேலை, சம்பளம் எப்படி?

உப்பிலியபுரம்:

பச்சமலை அடிவாரத்தில் இருக்கும் உப்பிலியபுரத்தில் இருந்து விடிகாலையிலேயே பஸ் ஏறி துறையூர், முசிறி, திருச்சி என்று கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் பி.ஏ. ஆங்கிலம் எடுத்தவர்களும் உண்டு. "இங்கிலீஷ் படிச்சா எங்க போனாலும் பொழச்சுக்கலாம்" என்பதுதான் காட்டு வேலைக்குப் போகும் பெற்றோரின் நம்பிக்கை.

நம்பிக்கை தப்பில்லை. ஆனால் கணக்கு கொஞ்சம் வேறு. வேலை தரும் பரீட்சைகளில் ஆங்கிலத்துக்கு எத்தனை மார்க் என்று பார்த்தால் விஷயம் புரியும்.

வாத்தியார் வேலை

எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆனால் ஆரம்ப அடிப்படைச் சம்பளமே ரூ.36,400. அகவிலைப்படி தனி. எம்.ஏ., பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் ஆனால் ரூ.36,900.

ஆனால் பாதை நீளம். பி.ஏ. 3 வருஷம், பி.எட். 2 வருஷம். அப்புறம் பட்டதாரி ஆசிரியருக்கு 'டெட்' தகுதித் தேர்வு. மொத்தம் 150 மார்க்கில் ஆங்கிலம் வெறும் 30. சமூக அறிவியல் 60! ஷேக்ஸ்பியர் படித்தவர் சரித்திரம், பூகோளத்தில் கோட்டை விட்டால் கதை முடிந்தது.

டெட் பாஸ் செய்தாலும் உடனே வேலை இல்லை. 2018-ல் வந்த அரசாணைப்படி தனியாக ஒரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். முதலில் 2,222 இடங்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். அதுவும் எல்லா பாடத்துக்கும் சேர்த்துதான்.

பேங்க், குரூப்-4

பொதுத்துறை வங்கி கிளார்க் வேலைக்கு எந்த டிகிரியும் போதும். 2024 ஊதிய ஒப்பந்தப்படி ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.24,050. முதல்நிலைத் தேர்வில் இங்கேயும் ஆங்கிலம் 30 தான். மீதி 70-ம் கணக்கு, ரீசனிங். பத்தாவதோடு கணக்கை மறந்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

குரூப்-4-ல் இளநிலை உதவியாளர், வி.ஏ.ஓ. வேலைக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.19,500. இதில் 200 கேள்வியில் 100 தமிழ். ஆங்கிலம் சுத்தமாகக் கிடையாது.

பலரும் கவனிக்காத சேதி

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம், 2020-ல் திருத்தப்பட்டது. டிகிரி கேட்கும் குரூப்-2 போன்ற தேர்வுகளில் இந்தச் சலுகை வேண்டுமானால் பள்ளி முதல் கல்லூரி வரை தமிழ் வழி என்று சான்று காட்ட வேண்டும். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர் அதைக் காட்ட முடியாது.

ஆனால் பத்தாம் வகுப்பு தகுதி கேட்கும் குரூப்-4 வேலைகளுக்கு பள்ளிச் சான்றே போதும். உப்பிலியபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதை விடவே கூடாது.

தனியார் கம்பெனி

திருச்சியில் இப்போது அதிகம் கேள்விப்படும் வேலை 'ஏ.ஆர். காலர்'. அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு போன் போட்டு, ஆஸ்பத்திரிக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்கும் வேலை. பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். இங்கே மார்க் ஷீட்டை விட வாய்தான் முக்கியம். தங்குதடையின்றி பேசினால் எந்த டிகிரிக்காரரும் உள்ளே போகலாம். எம்.ஏ. முடித்தும் நாலு வார்த்தை பேசத் திணறினால் இன்டர்வியூவோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆபரில் போட்டிருக்கும் தொகை அப்படியே கைக்கு வராது. பி.எப்.புக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். திருச்சி ஹாஸ்டல் வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப முடியும் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். வேலைக்கு முன்பணம் கேட்டால், அங்கிருந்து நடையைக் கட்டுவதே நல்லது.

முதல் வருஷமே முடிவு

ஆக, பி.ஏ. ஆங்கிலம் வீண் படிப்பு இல்லை. அது முதல் படி, அவ்வளவுதான். வாத்தியாரா, பேங்கா, கம்பெனியா என்பதை முதல் வருஷத்திலேயே முடிவு செய்து, கணக்கோ, சமூக அறிவியலோ, பேச்சுப் பயிற்சியோ தினம் ஒரு மணி நேரம் கூடவே படித்தவர்கள் தப்பித்துக் கொள்வார்கள். டிகிரி கைக்கு வந்த பிறகு யோசித்தால், இன்னும் 2 வருஷம் பெற்றோர் காட்டு வேலைக் கூலியில்தான் ஓட வேண்டும்.