செவிலியர் சங்கத்தின் கோரிக்கை நோயாளிக்கு ஏன் முக்கியம்?

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொதுப் பிரிவில் 3 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் இருத்தல் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிமுறை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் இதுவே அளவுகோல்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தமிழகமெங்கும் செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினர். தனியொரு செவிலியர் கேட்கத் தயங்குவதைச் சங்கமாகவே கேட்க முடிந்தது. இதனை ஊதியப் பிரச்சினையாக மட்டும் கருதுதல் சரியன்று. நிலையற்ற பணியில் அனுபவமிக்கோர் நீடிப்பது அரிது. இரவில் குருதி அழுத்தம், சொட்டு மருந்தின் வேகம், படுக்கைப் புண் ஆகியவற்றைக் கண்காணிப்பவர் செவிலியரே. அவர் போதாதபோது அச்சுமை, சம்பா அறுவடைக் கூலியை விட்டு உடனிருக்கும் உறவினர்மீது விழுகிறது.

எனினும், சொட்டு மருந்தின் வேகத்தை உறவினர் தாமே மாற்றக் கூடாது. பணியிலுள்ள செவிலியரை அழைக்கவும்.